கரிசல் மண் சாலைக்கு எத்தனை விழுக்காடு சிமென்ட்?

கேள்வி (ஒப்பந்தப் பொறியாளர்):
அனைவருக்கும் வணக்கம். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டினூடே செல்லும் ஒரு கிராமச் சாலைக்கு அடித்தளம் அமைக்க வேண்டியுள்ளது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண், ஐப்பசி மழையில் உப்பிச் சாலையோரங்களைத் தூக்கிவிடுகிறது. ஊறவைத்துப் பார்த்த சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் அளவு) 2 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கிராவல் வெகு தொலைவிலிருந்து வரவேண்டும் என்பதால், இருக்கும் மண்ணிலேயே சிமென்ட் கலக்க எண்ணுகிறோம். 8 விழுக்காடு போதுமா, இன்னும் கூட்ட வேண்டுமா?

மறுமொழி (மண் ஆய்வகப் பணியாளர்):
ஐயா, அளவை முடிவு செய்யும் முன் அந்த மண் சிமென்டை ஏற்குமா என்று பாருங்கள். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் களிமண் தன் அடுக்குகளுக்கிடையே தண்ணீரை இழுத்து உப்பக்கூடியது. ஈரத்தில் கட்டி கட்டியாக நிற்கும் அதில் சிமென்டைக் கொட்டினால், கட்டிகளின் மேல் பூச்சாக ஒட்டுமே தவிர உள்ளே இறங்காது.

425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர் மண்ணை இரண்டு அளவுசாடிகளில் 10 கிராம் வீதம் போட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரையும் மற்றதில் மண்ணெண்ணெயையும் 100 மில்லி வரை ஊற்றி, 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது; நீரில் அதைவிட எத்தனை விழுக்காடு உயர்ந்து நிற்கிறதோ அதுவே உப்பல் குறியீடு. அது 50-ஐத் தாண்டினால் சிமென்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சல்பேட் சோதனையும் அவசியம். மண்ணில் ஜிப்சம் என்னும் சல்பேட் உப்பு இருந்தால் சிமென்டோடும் சுண்ணாம்போடும் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்னும் விரிவடையும் படிகம் உருவாகி, உறுதிப்படுத்திய அடுக்கே பின்னாளில் உப்பிவிடும்.

மறுமொழி (சாலைப்பணி மேற்பார்வையாளர்):
சல்பேட் இல்லையென்றால், முதலில் 2 அல்லது 3 விழுக்காடு நீர்த்த சுண்ணாம்பைக் கலந்து, ஈரம் காயாமல் ஓரிரு நாள் விடுங்கள். சுண்ணாம்பின் கால்சியம் அயனிகள் களிமண்ணில் ஏறியதும், மண்வெட்டியில் அப்பிக்கொண்டிருந்த மண் பொலபொலவென உதிரத் தொடங்கும். அதற்குப் பிறகே சிமென்ட். கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வேலையை நிறுத்தும் இடங்களில்தான் தளம் பொரிந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும்.

மறுமொழி (நெடுஞ்சாலைப் பொறியாளர்):
கூட்டுவது பற்றி நினைக்கவே வேண்டாம். சிமென்ட் மிகுந்தால் அடுக்கு விறைத்துச் சுருங்கி வெடிக்கும், அந்த வெடிப்பு தார்ப்பரப்பு வரை ஏறி மழைநீரை உள்ளே விடும். ஐ.ஆர்.சி. 37 (இந்திய சாலைகள் காங்கிரஸின் தார்ச்சாலை வடிவமைப்பு நெறி), 2018 பதிப்பின்படி, போக்குவரத்து குறைந்த சாலையின் துணை அடித்தளத்துக்கு (அடித்தளத்துக்குக் கீழுள்ள அடுக்கு) ஏழாம் நாள் அமுக்க வலிமை 0.75 முதல் 1.5 மெகாபாஸ்கல் இருந்தால் போதும். அதைத் தரும் மிகக் குறைந்த அளவு எதுவென்று உங்கள் மண்ணிலேயே உருளைகள் வார்த்து உடைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஓரங்கள் தூக்குவதற்குக் காரணம் மழைநீர் பக்கவாட்டில் நுழைவது; ஆகவே கலவையைத் தார்விளிம்போடு நிறுத்தாமல் புருவம் (தாருக்கு வெளியே உள்ள சாலையோர மண்பகுதி) வரை நீட்டி, வடிகாலைத் தள்ளி வெட்டுங்கள். விளிம்பை ஒட்டிச் சீமைக் கருவேலம் இருந்தால், கோடையில் அதன் வேர்கள் ஈரத்தை உறிஞ்சிச் சாலையின் நீளவாக்கில் வெடிப்பை உண்டாக்கும். மதிப்பீட்டிலேயே அதை அகற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.