டேங்க்ல இறங்கி செத்தவர் குடும்பத்துக்கு ஜெபமும் அரிசியும் மட்டும் போதுமா?

தாராவி_அக்கா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் மும்பை தாராவில 90 அடி ரோடு பக்கம் இருக்கேன், எங்க ஜெபக்குழுவுக்கு வர்ற ஒரு தங்கச்சியோட வீட்டுக்காரர் போன வாரம் ஒரு அபார்ட்மெண்ட் சொசைட்டில செப்டிக் டேங்க் கழுவ இறங்கி விஷவாயு தாக்கி போயிட்டார், மாஸ்க் எதுவும் கிடையாது, இடுப்புல ஒரு கயிறு அவ்வளவுதான். நாங்க போனப்போ அவர் செருப்பு ரெண்டும் மூடி பக்கத்துல ஜோடியா கிடந்துச்சு, அந்தப் புள்ள அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு, அழக்கூட இல்ல. சபைல அடக்கத்துக்கு செலவு பாத்தாங்க, அரிசி பருப்பு வாங்கிக் கொடுத்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். இப்ப கான்ட்ராக்டர் 50 ஆயிரம் கொடுத்து ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்கறான். நாம ஸ்டேஷனுக்கு கூடப் போவோம்னு சொன்னா கமிட்டில அது அரசியல், கர்த்தர் பாத்துக்குவார்ங்கறாங்க. ராத்திரி தூக்கம் வரல, நான் கேக்கறது தப்பா?

சயான்_நெல்லை:
அக்கா மொதல்ல கையெழுத்து போட விடாதீங்க. பாதுகாப்பு இல்லாம ஆளை டேங்க்ல இறக்கறதே, மனுஷன் மலத்தை மனுஷனே அள்ளறதைத் தடை செஞ்ச 2013 சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 2 வருஷம் வரைக்கும் ஜெயில். நஷ்டஈட்டை சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர்ல 10 லட்சத்துல இருந்து 30 லட்சமா ஏத்திருச்சு. எஃப்ஐஆர்ல டேங்க் கழுவ இறக்கினாங்கன்னு தெளிவா வரணும், தவறி விழுந்தார்னு எழுதிட்டா எல்லாம் போச்சு, அதனால மராத்தி படிக்கத் தெரிஞ்ச ஆளோட போங்க.

தாராவி_அக்கா:
தம்பி, அவங்க ஞானஸ்நானம் எடுத்தவங்க, எஸ்சி சர்டிபிகேட் கிடையாது, அதனால கேஸ் நிக்காதுன்னு கான்ட்ராக்டர் ஆளு சொல்றானே?

சயான்_நெல்லை:
பயமுறுத்தறான் அக்கா. எஸ்சி பட்டியலுக்கான 1950 ஜனாதிபதி உத்தரவுனால கிறிஸ்தவங்களுக்கு எஸ்சி அந்தஸ்து இல்லதான், வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போடறது கஷ்டம்தான், அந்த அநியாயம் இன்னும் தீரல. ஆனா 2013 சட்டம் ஜாதியும் கேக்காது மதமும் கேக்காது. முன்னோர் செஞ்ச வேலைய மட்டும் நம்ம கூட வரவிட்டுட்டு உரிமைய வாசல்லயே நிறுத்திட்டாங்க, எனக்கு வயிறு எரியுது.

கமிட்டில_ஒருத்தன்:
நானும் இன்னொரு சபைல கமிட்டில இருக்கேன் சிஸ்டர். எங்களுக்கு பயம் உண்டு, நெஜமாவே உண்டு, சபை பேர் ஸ்டேஷன்ல அடிபட்டா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கே பிரச்சனை வருமோன்னு. ஆனா ஒண்ணு யோசிங்க, சோர்ந்து போகாம ஜெபம் பண்ணணும்னு சொல்ல இயேசு எடுத்த உதாரணமே அநியாயக்கார நியாயாதிபதி கிட்ட எனக்கு நியாயம் செய்யுன்னு விடாம அலையற விதவைதான், லூக்கா 18. அந்தம்மா அலைச்சலைத்தான் அவர் ஜெபத்துக்கு மாதிரியா காட்டறார். நம்ம சபைல விதவை அலையறப்போ நாம வீட்ல முழங்கால் போட்டா மட்டும் எப்படி? சபை லெட்டர் கிடைக்கலன்னா பரவால்ல, நாலு பேர் தனியாளா போங்க.

கேஜிஎஃப்_பொண்ணு:
எங்க ஊர் தங்கவயல்ல உலர் கக்கூஸ் அள்ளின குடும்பத்துல பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன், இந்த வேலைய ஒழிக்கணும்னே வாழ்க்கைய கொடுத்தார், 2016ல மகசேசே விருது கிடைச்சுது. அவங்க ஆரம்பிச்ச சஃபாயி கர்மசாரி ஆந்தோலன்ங்கற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் மாதிரி அமைப்புக்கு இன்னைக்கே தகவல் சொல்லுங்க. சம்பளம் கொடுத்த வாட்ஸ்அப் மெசேஜ், கூட வேலை செஞ்சவங்க போன் நம்பர், எதையும் அழிக்க விடாதீங்க.

தாராவி_அக்கா:
நாளைக்கு காலைல மாதர் சங்கத்துல இருந்து நாங்க மூணு பேர் போறோம், பக்கத்து ரூம்ல இருக்கற மராத்தி படிச்ச பையன் ஒருத்தன் வர்றான். செருப்பையும் எடுத்துட்டு வரணுமான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. எடுத்துட்டு வான்னு சொல்லிட்டேன்.