பிள்ளைகள் கையில் ‘ஆன்டிகனி’: நாடகத்தைப் படிக்க அவர்கள் செய்த வேலைகள், நாம் பார்த்த அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த், பள்ளி ஆசிரியை:

நாடகப் பாடம் எடுக்கிறவர்கள், வீட்டில் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் செய்ய உதவுகிறவர்கள், கூத்து தெரிந்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். என் வகுப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் கிரேடு 10 நாடகக் கலைப் பாடத்தில் கிரேக்க அரங்கு வருகிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’, கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறிய துன்பியல் நாடகம். தீப்ஸ் நகரத்து அரியணைக்காக அண்ணன் தம்பி இருவரும் மோதி, ஒருவன் கையால் மற்றவன் சாகிறான். ஊரைக் காத்தவன் என்று எடியோக்ளீஸுக்கு முறைப்படி அடக்கம். வெளியூர்ப் படையைக் கூட்டி வந்தவன் என்று பாலினைசீஸின் உடலை நாய்க்கும் பறவைக்கும் போட்டுவிடச் சொல்கிறான் புது அரசன் கிரயோன். அவர்களுடைய தாய்மாமன் அவன். தங்கை ஆன்டிகனி தடையை மீறி அண்ணன் உடல்மேல் மண் தூவுகிறாள். அவளுக்கு நிச்சயமாகியிருப்பவன் கிரயோனின் மகன் ஹைமோன். மாமன் மகன்! நம் பிள்ளைகளுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதே இல்லை. “தாய்மாமன் முன்னால நின்னு செய்ய வேண்டிய காரியத்தை அவரே தடுக்கிறாரா, மேம்?” என்று முதல் வகுப்பிலேயே ஒரு பையன் கொதித்தான்.

நான் வைத்த விதி ஒன்றுதான். எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் புத்தகத்தைத் திறக்காமல் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி அதில் இருக்க வேண்டும். ஷூ டப்பாவில் அரங்கம் செய்து வர்ணம் பூசிக் கொண்டுவருவது அழகுதான். ஆனால் ஒரு பக்கம்கூடப் படிக்காதவனும் அதைச் செய்துவிடலாம். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

இரண்டு பையன்கள் பழுப்புத் தாளை நீளமாக ஒட்டி, கடைசிப் பகுதியில் யார் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வரைந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லாத வேலை, பஸ் கால அட்டவணை மாதிரி இருந்தது. ஆனால் அதில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போன பிறகு கிரயோன் இறங்கி வருகிறான், என்ன செய்யட்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்கிறான். அவர்கள் சொல்கிற வரிசை: முதலில் குகையில் அடைத்த பெண்ணை விடு, பிறகு கிடக்கிற உடலுக்குச் சமாதி எழுப்பு. தூதன் வந்து நடந்ததைச் சொல்லும்போது வரிசை மாறியிருக்கிறது. முதலில் உடலிடம் போகிறார்கள். மிச்சமிருந்ததைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளை அடுக்கி எரித்து, மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறார்கள். அதற்குள் அவள் உயிர் போய்விட்டது. “மேம், அவர் போன இடம் தப்பில்ல, முதல்ல போனதுதான் தப்பு” என்றான் ஒருவன். ஏன் அப்படிப் போனான், தெய்வத்துக்குப் பயந்தானா, பெண்ணின் உயிர் அவன் மனதில் பின்னால்தான் இருந்ததா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு குழு கிரயோன்மேல் வழக்குத் தொடுத்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கிரயோனுக்கு வக்கீலாக நிற்கிறேன் என்றாள். “நேத்து வரைக்கும் ஏழு வாசல்லயும் எதிரி நின்ன ஊர். ஆட்சிக்கு வந்த முதல் நாளே சொந்த மருமகளுக்காகச் சட்டத்தை வளைச்சா, நாளைக்கு யார் மதிப்பாங்க?” அவள் ஆன்டிகனியைக் கூண்டில் ஏற்றிக் கேட்ட கேள்விதான் எனக்கு மறக்காது: “கல்யாணம் ஆகாமலே சாகிறேன்னு அவ்வளவு நேரம் புலம்புற. அதுல ஹைமோன் பேரு ஏன் ஒரு தடவைகூட வரல?” ஆன்டிகனியாக நின்ற பிள்ளை பக்கங்களைப் புரட்டினாள். கூடவே வகுப்பே புரட்டியது. இல்லை. ஆன்டிகனியும் ஹைமோனும் நாடகம் முழுக்க ஒருமுறைகூட ஒரே மேடையில் நிற்பதில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தார்கள். “பேரைச் சொன்னா திடம் போயிடும்னு நெனச்சேன்” என்றாள் அவள். நாடகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. இது என் ஊகம் என்று குறிப்பேட்டில் தெளிவாக எழுதியும் வைத்தாள். அதற்கே முழு மதிப்பெண் கொடுத்தேன்.

டொங்காட், ஓய்வுபெற்றவர்:

அம்மா, உங்கள் பதிவைப் பேரனிடம் படித்துக் காட்டினேன். அவன் போன வருஷம் இதே நாடகம் செய்தான்.

எங்கள் தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்து லைன்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். அரிச்சந்திரன், நல்லதங்காள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற கட்டம் வந்தால் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள், ஆனால் வீட்டுக்குப் போகமாட்டார்கள், தூரத்தில் நின்று கேட்பார்கள் என்று ஆயா சொல்லும். துக்கத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுவது நமக்குப் புதுசு இல்லை.

பேரனுக்கு வந்த சிக்கல் கோரஸ். தீப்ஸ் நகரத்துப் பெரியவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து பாடுவதாக இருக்கிறது. பையன்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள், ஒரு சொல் விளங்கவில்லை. நான் பின்பாட்டு முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவன் அடியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்த அடியின் வாலை மட்டும் பிடித்துத் திருப்பிப் பாட வேண்டும். மிருதங்கம் இல்லாததால் மேசையைத் தட்டினோம். எந்தச் சொல்லில் வால் பிடிப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொரு பாட்டையும் பொருள் தெரிந்து படிக்க வேண்டி வந்தது. ஆசிரியை சொன்ன விதி அதுதானே!

காவலாளி வருகிற இடம் இருக்கிறதே, அது நம் கட்டியங்காரன்தான். சேதி சொல்ல யார் போவது என்று சீட்டுப் போட்டு, அது இவன் தலையில் விழுந்திருக்கிறது. வரும் வழியெல்லாம் நின்று நின்று, திரும்பிப் போகலாமா என்று யோசித்து வந்தேன் என்கிறான். பேரன் அதை சபையோரைப் பார்த்துப் பேசினான். சிரிப்பு அடங்கவில்லை. சிரித்த கூட்டம் அடுத்த நிமிஷம் கிரயோன் மிரட்டலில் உறைந்துபோனது.

கிரயோன் முதல் வரவுக்கு இரண்டு பேர் திரை பிடித்தார்கள், கூத்தில் ராஜா வருவதுபோல. கடைசியில் மகன் உடலோடு வரும்போதும் திரை பிடிக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நடந்து வரட்டும், அதுவும் சனங்கள் உட்கார்ந்திருக்கிற பக்கத்திலிருந்து. அப்படியே செய்தான். என் பக்கத்திலிருந்தவர் காலை மடக்கி வழிவிட்டார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தாய்:

என் மகள் செய்தது முகமூடி. பலூன் ஊதி, அதன்மேல் பழைய நாளிதழைக் கிழித்து மாவுப் பசையில் ஒட்டி, காயவைத்து, பாதியாக வெட்டினாள். செலவு ஒன்றுமில்லை, அடுக்களைதான் ஒரு வாரம் பசையாகக் கிடந்தது. ஆன்டிகனியின் தங்கை இஸ்மெனியின் முகம். முதலில் வாயைச் சின்னதாக, அழகாக வெட்டினாள். போட்டுக்கொண்டு பேசினால் சத்தம் உள்ளேயே தங்கிவிட்டது. கத்தரியை எடுத்து வாயைப் பெரிதாக்கினாள், குரல் வெளியே வந்தது. பிறகு கண்ணாடி முன் நின்று பழகினாள். முகத்தில் அழ முடியாது. தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அதே முகமூடி துக்கமாகத் தெரிகிறது, நிமிர்த்தினால் வீம்பாகத் தெரிகிறது. கழுத்தும் தோளும்தான் நடிக்க வேண்டும் என்று அவளே தெரிந்துகொண்டாள்.

அதைவிடப் பெரிய விஷயம் அவளுக்கு வந்த கோபம். இஸ்மெனி முதலில் அக்காவுக்குத் துணைபோகப் பயப்படுகிறாள், பின்னால் நானும் சேர்ந்து சாகிறேன் என்று வருகிறாள், அக்கா வேண்டாம் என்று தள்ளிவிடுகிறாள். அதன்பிறகு அவளை மேடையில் காணோம். சாகப்போகும் ஆன்டிகனி அரச குடும்பத்தில் கடைசியாக மிஞ்சியவள் நான்தான் என்கிறாள். “தங்கச்சி உயிரோடதானே இருக்கா அம்மா? அவளை யாருமே எண்ணலையே!” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

அந்தக் கோபத்தில் முகமூடியின் உள்பக்கம் ஒரு கடிதம் எழுதி ஒட்டினாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இஸ்மெனி தனியாக உட்கார்ந்து எழுதுவதாக. அண்ணன்கள், அக்கா, ஹைமோன், கிரயோனின் மனைவியான அத்தை யூரிடிசி, எல்லாருக்கும் செய்யவேண்டியவள் அவள் ஒருத்திதான். யாருக்கு முதலில் செய்வது என்று தெரியாமல் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். முகமூடியைப் போட்டுக்கொள்பவருக்கு மட்டும்தான் அந்தக் கடிதம் முகத்தோடு ஒட்டியிருக்கும். ஆசிரியர் எவ்வளவு போட்டார் என்பதைவிட அவள் யோசித்த விதம்தான் எனக்குப் பெருமை.

லெனேசியா:

இந்த நாட்டில் ‘ஆன்டிகனி’யைப் படிக்கிற பிள்ளைகளுக்கு, நிறவெறி ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவைச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே கைதிகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் நாடகம் போடுவார்கள். ‘ஆன்டிகனி’ போட்டபோது நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் கிரயோன். சட்டத்தை மீறிச் சிறைக்குப் போனவர் சட்டத்தின் பக்கம் நின்று பேசியிருக்கிறார். அந்த அரசனின் பிடிவாதம் தலைவனுக்கு ஆகாது, நீதியோடு இரக்கமும் வேண்டும் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆசிரியை அக்கா சொன்ன அந்த அமைதியான பெண்ணுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தீவுச் சிறையில் கைமாறிய இன்னொரு புத்தகமும் உண்டு. டர்பனைச் சேர்ந்த சன்னி வெங்கடரத்னம் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பின்மேல் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, சாமி புத்தகம் என்று வார்டர்களை நம்பவைத்தார். சக கைதிகள் ஒவ்வொருவராக வாங்கி, தமக்குப் பிடித்த பகுதியின் ஓரத்தில் கையெழுத்திட்டார்கள். மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையெழுத்திட்டது ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், கோழைகள் பலமுறை சாகிறார்கள் என்ற இடத்தில். வால்டர் சிசுலு ஷைலாக் பேச்சை எடுத்தார். நம் பில்லி நாயர் எடுத்தது ‘தி டெம்பெஸ்ட்’, இந்தத் தீவு என்னுடையது என்று காலிபன் சொல்லும் இடம்.

என் அக்கா மகன் வகுப்பில் இதையே ப்ராஜெக்டாக வைத்தார்கள். வகுப்புக்கே ஒரு ‘ஆன்டிகனி’ பிரதி. வீட்டிலிருந்து பழைய வாழ்த்து அட்டைகளைக் கொண்டுவந்து அட்டை போட்டார்கள், தீபாவளி, ஈத், கிறிஸ்துமஸ் எல்லாம் கலந்து. ஒவ்வொருவரும் ஒரு பகுதியைத் தேர்ந்து ஓரத்தில் பெயரும் தேதியும் போட வேண்டும், ஏன் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் ஆன்டிகனியின் வீரப் பேச்சை எடுத்தார்கள். என் மருமகன் காவலாளியை எடுத்தான். அவளைப் பிடித்துக்கொடுத்ததில் தனக்கு வருத்தம்தான், ஆனாலும் என் உயிர்தான் எனக்குப் பெரிது என்று காவலாளி சொல்கிற இடம். பள்ளியில் நண்பன் மாட்டிக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றவன் இவன். அதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அந்த நண்பனும் வகுப்பில் இருந்தான்.

ஃபீனிக்ஸ்:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு கவலை. நாடகத்தில் ஆன்டிகனி, ஹைமோன், யூரிடிசி என்று மூன்று பேர் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் சமீபத்தில் அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளை ஒன்று இதைப் படிக்கப்போகிறது. அந்தப் பிள்ளை கையில் மண்ணைக் கொடுத்து உடல்மேல் தூவச் சொன்னால் தாங்குமா? ஆசிரியர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

சாட்ஸ்வொர்த், பள்ளி ஆசிரியை:

ஃபீனிக்ஸ் அண்ணா கேட்டது முக்கியமான கேள்வி. வேடம் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலைமையையும் விசாரித்துவிடுவேன். துக்க வீடு என்றால் பெற்றோரிடம் போனில் பேசுவேன், பிறகு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு வேலை வேண்டுமா என்று கேட்பேன். கால வரைபடம், தாளம், உடை, எத்தனையோ இருக்கிறது. நாமாக ஒதுக்கிவிடவும் கூடாது. ஒருமுறை அப்படிப்பட்ட பிள்ளை ஒருத்தி, செம்பில் நீர் ஊற்றுகிற கட்டத்தை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆன்டிகனி இரண்டாம் தடவை போகும்போது வெண்கலச் செம்பிலிருந்து மூன்று முறை ஊற்றுகிறாள் அல்லவா, அது. ஆயாவிடம் கேட்டு வந்து, கை நடுங்காமல் செய்தாள்.

சாவை யாரும் நடித்துக் காட்டக் கூடாது என்பது என் வகுப்பில் கண்டிப்பு. சோஃபக்ளீஸே அதை மேடையில் வைக்கவில்லை. மூன்று சாவும் உள்ளே நடக்கின்றன, ஆள் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. நாமும் சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம். சொல்லி முடித்ததும் அன்றைக்கே உட்கார்ந்து பேசவும் வேண்டும், மறுநாளைக்கு விடக் கூடாது.

அடுத்த பருவத்தில் இதோடு சேர்த்து ‘தி ஐலண்ட்’ எடுக்கிறேன். அதால் ஃபூகார்ட், ஜான் கனி, வின்ஸ்டன் ன்ட்ஷோனா மூவரும் உருவாக்கி 1973-இல் கேப் டவுனில் மேடையேறியது. ஒரே அறையில் அடைபட்ட இரண்டு கைதிகள் சிறைக் கச்சேரிக்காக ‘ஆன்டிகனி’ ஒத்திகை பார்க்கிறார்கள். எல்லாரும் சிரிப்பார்கள் என்று பெண் வேடம் போட ஒருவன் மறுக்கிறான். அந்தக் காட்சியை எங்கள் பையன்களுக்குக் கொடுக்கப்போகிறேன்.

லெனேசியா தம்பி, அந்த வகுப்புப் புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்துப் போடுங்கள், காவலாளி பக்கத்தையும் உங்கள் மருமகன் சம்மதித்தால். டொங்காட் ஐயா, ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கு வந்து பின்பாட்டு சொல்லிக்கொடுப்பீர்களா? கார் நான் அனுப்புகிறேன், பேரனையும் கூட்டி வாருங்கள்.