பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கதையில் எவ்வளவு இருட்டு வைக்கலாம்?

கிணற்றடி:
வணக்கம். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் சாபம், மந்திரம், பேய் என்று கொஞ்சம் இருண்ட சிறுகதைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு கிணற்றுக் கதை. எட்டிப் பார்க்கிறவர்களின் முகத்தை அந்தத் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளும். தம்பியின் முகத்தை மீட்க அக்கா கயிறு கட்டி உள்ளே இறங்குகிறாள். ஆறாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன். முகங்கள் மிதக்கிற இடத்தை ஆசையாகத்தான் கேட்டாள், ஆனால் தம்பி வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா கதவைத் திறந்து "யாருப்பா நீ?" என்று கேட்கிற இடம் வந்ததும் எழுந்து போய் அவள் அம்மா மடியில் உட்கார்ந்துவிட்டாள். மீதிக் கதை வேண்டாமாம். அந்த இடத்தை எடுத்துவிடவா? கதையின் உயிரே அதுதான் என்று தோன்றுகிறது.

பழையபுத்தகம்:
எடுக்காதீர்கள். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. 1812-இல் அவர்களுடைய முதல் தொகுதி வந்தபோது அது பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த புத்தகமே இல்லை, படம் கிடையாது, ஆய்வுக் குறிப்புகள்தான். பிள்ளைகளுக்கு ஆகாது என்று குறை எழுந்ததும் வில்ஹெல்ம் கிரிம் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே போனார். பிள்ளைகள் பன்றி அறுக்கும் விளையாட்டு விளையாடி, ஒரு பையனையே அறுத்துவிடும் கதை ஒன்று இருந்தது, அது 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இல்லை. ஆனால் சூனியக்காரியை அடுப்பில் தள்ளுவதும், பொல்லாத அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ஆடி ஆடியே சாவதும் அப்படியே நின்றன. அதாவது ரத்தத்தைப் பார்த்து அவர் கத்தரிக்கவில்லை. காரணமே இல்லாமல் விழுகிற அடிதான் போனது. இன்னொன்று, ஹான்சல், கிரேட்டல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவரச் சொன்னது முதல் பதிப்பில் பெற்ற தாய். மாற்றாந்தாய் ஆக்கியது பிறகுதான். உங்கள் அக்கா மகள் எழுந்துபோன இடமும் அதுதானே? பேயைவிட அம்மா கைவிடுவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய பயம்.

மூன்றாம்பெஞ்சு:
நான் பள்ளியில் நூலக வகுப்பு எடுக்கிறேன். விக்கிரமாதித்தன் வேதாளக் கதை சொல்லும்போது கவனித்திருக்கிறேன். சுடுகாடு, முருங்கை மரம், தோளில் பிணம், இதைவிட இருட்டாக என்ன வேண்டும்? ஆனாலும் ஒருத்தரும் முகத்தை மூடுவதில்லை. விதி முதலிலேயே தெரிந்துவிடுகிறது, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மரம் ஏறிவிடும். அதனால் பயப்பட நேரமில்லாமல் எல்லோரும் பதிலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கிணற்றுக்கு விதி என்ன? அது முகத்தை மட்டும்தான் எடுக்குமா, வேறு எதை விட்டுவைக்கும்? அதைக் கதவு தட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டீர்களா?

மல்லி_அம்மா:
கதை நன்றாக இருக்கிறது தம்பி. ஒன்று மட்டும், படுக்கப் போகும் நேரத்தில் பாதியில் நிறுத்தாதீர்கள். என் பையன் எந்தக் கதையையும் முழுக்கக் கேட்டுவிட்டால் தூங்கிவிடுவான், பாதியில் விட்டால் அன்று எனக்கும் தூக்கம் போச்சு.

கிணற்றடி:
மூன்றாம்பெஞ்சு கேட்டது நேராக வந்து விழுந்தது. விதியே சொல்லவில்லை நான். நேற்று உட்கார்ந்து மாற்றினேன். தொடக்கத்தில் அக்கா கிணற்றுக்குள் கூப்பிட்டுப் பார்க்கிறாள், தண்ணீர் அவள் குரலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அம்மா கதவைத் திறந்து கேட்கிற வரி அப்படியே இருக்கிறது. இன்று மாலை அக்கா மகளிடம் மறுபடி படித்தேன், அந்த இடத்தில் மறுபடியும் மடிக்குப் போனாள், ஆனால் அங்கிருந்தே "அவனைப் பேசச் சொல்லு மாமா, பேசச் சொல்லு!" என்று கத்தினாள்.