தாடை அறுவைக்குப் பிறகு சாப்பாடும் புண்ணும்: உங்கள் அனுபவம் என்ன?

கம்பி கட்டியிருந்தவர்

தாடை அறுவைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வலிக்கு மாத்திரை உண்டு. பசிக்குத்தான் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும்.

எனக்குக் கீழ்த்தாடை முறிந்து, மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயையே திறக்க முடியாதபோது உணவு எப்படி உள்ளே போகும் என்று வீட்டில் மலைத்துப்போனார்கள். வழி இருக்கிறது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஒரு சிறு இடைவெளி உண்டு. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்தி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழைத்து மெல்ல அழுத்தினால், திரவ உணவு கன்னத்தின் உட்புறமாக ஓடி அந்த இடைவெளி வழியே தொண்டைக்கு இறங்கிவிடும். ஒரே அழுத்தில் முழுவதையும் தள்ளினால் உதட்டு வழியாகக் கொட்டும், இல்லையென்றால் புரையேறும். ஒரு மடக்கு, விழுங்கல், மூச்சு. பிறகு அடுத்த மடக்கு. நேராக உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். குழாயின் முனை தையல் பக்கம் போய் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழுதடு மரத்துப்போயிருந்தது. பால் மோவாயில் வழிவது எனக்குத் தெரியாது, எதிரில் இருப்பவர் சொன்னால்தான் தெரியும். சூடும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே சிரிஞ்சை நிரப்பினோம்.

கம்பி வெட்டும் கத்தரியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். வாந்தி வந்து மூச்சு அடைத்தால் வெட்டுவதற்கு. எந்தக் கம்பியை வெட்டுவது என்பதை மருத்துவமனையிலேயே வீட்டார் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது; அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகள்

மேலே எழுதிய சகோதரருக்கு வாய்வழி சரிப்பட்டிருக்கிறது. என் அப்பாவுக்குப் புற்றுநோய்க்காகத் தாடை எலும்பின் ஒரு பகுதியை எடுத்து, காலிலிருந்து எலும்பும் தசையும் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்கள். தையல் விட்டு எச்சில் கழுத்துப் பக்கம் கசிந்துவிட்டால் எல்லாம் பாழாகிவிடும் என்பதால், ஆரம்பத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாய்வழியாகக் கொடுக்கவில்லை. எல்லாம் மூக்குக் குழாய்தான்.

குழாயில் ஊட்டுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஊட்டவே கூடாது, மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தியிருக்க வேண்டும், ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே. முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் பால் உறைந்து அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளிலும் பொடிக்கக் கூடாதவை சில உண்டு. மெல்ல மெல்லக் கரையும்படி செய்தவற்றைப் பொடித்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். கேட்டால் திரவ மருந்தாக மாற்றித் தருவார்கள்.

வாய்வழி எதுவும் சாப்பிடாதவருக்கு வாயைச் சுத்தம் செய்ய என்ன இருக்கிறது என்று ஓர் உறவினர் கேட்டார். சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் கெடுகிறது. எச்சில் காய்ந்து, நாக்கில் மாவு போலப் படிந்துவிடும். உப்பு நீரில் நனைத்த துணியால் துடைப்பதை ஒரு வேளைகூட நாங்கள் விட்டதில்லை.

மாணவி

எனக்கு முன்தள்ளிய தாடையைப் பின்னுக்கு வைத்த அறுவை. கம்பி இல்லை, ரப்பர் வளையங்கள் மட்டும். உறிஞ்சுகுழலைத் தொடக்கூடாது என்று என் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவை தையலைத் தொந்தரவு செய்யுமாம். அகன்ற வாயுள்ள கோப்பை, பிறகு சிறு கரண்டி. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் முகத்தைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நிம்மதி அடைய வேண்டாம்.

தையல்மேல் வெளிர் மஞ்சளாக ஒரு படலம் படிந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சீழ் என்று அம்மா பதறிவிட்டார். ஆறுகிற புண்ணின்மேல் இயல்பாகப் படிவதுதான், சுரண்டாதீர்கள் என்றார்கள். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசியும் மாறும். கறையைப் பிறகு பல் மருத்துவர் எடுத்துவிடலாம்.

செவிலியர்

மாணவி சொன்ன படலத்துக்கும் சீழுக்கும் வித்தியாசம் உண்டு. வடிந்துகொண்டிருந்த வீக்கம் மறுபடி ஏறினால், காய்ச்சல் வந்தால், கெட்ட வாடையோடு கசிந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

ஊட்டுவதையும் புண்ணைப் பார்ப்பதையும் தனித்தனி வேலையாக நினைக்கிறார்கள். வாய்வழி உண்பவருக்குச் சாப்பாடு போகும் வழியும் புண் இருக்கும் இடமும் ஒன்றே. பாலை விட்டதும் அதே சிரிஞ்சைக் கழுவி, வெதுவெதுப்பான உப்பு நீரை நிரப்பி, இரு கன்னங்களின் உட்புறமும் பீய்ச்சிவிட்டால்தான் அந்த வேளை முடிந்ததாகக் கணக்கு. குழந்தைகளுக்கான சிறிய மென்மையான பிரஷ் பற்களுக்குப் போதும்.

புரதம் குறைந்தால் புண் ஆறாது. வெறும் பழச்சாறாக ஊற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வயிறு நிறைந்தது போலிருக்கும், உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகும். பால், பால்பொடி, முட்டை, பருப்பு என்று எதையாவது அரைத்து, இரண்டு முறை வடிகட்டி, சிறிது சிறிதாக ஆறேழு வேளை கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இரத்தச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்; புகைப்பவர்கள் அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

கம்பி கட்டியிருந்தவர்

செவிலியர் அம்மா சொன்ன புரதக் கலவைகளில் எனக்கு ஒரே சிக்கல், எல்லாமே இனிப்பாகவே இருந்ததுதான். சில நாளிலேயே வெறுத்துவிட்டது. உப்பும் மிளகும் போட்ட வடிகட்டிய சூப்புதான் காப்பாற்றியது. மிளகை முழுதாக விடாமல் துணியில் வடிகட்டுங்கள், ஒரு துணுக்கு போதும், சிரிஞ்சின் முனை அடைத்துக்கொள்ளும்.

கம்பியை எடுத்ததும் வாய் முழுதாகத் திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு விரல் நுழைவதே பாடாக இருந்தது. மேல்தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிறது, எலும்பு கூடுவதற்கு ஆறு வாரமாவது ஆகும். வலி இல்லையே என்று அதற்குள் கடிக்கத் தொடங்கக் கூடாது. மசித்த உணவு, பிறகு நாக்கால் நசுக்கக்கூடியது என்று போய், மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகே மென்று சாப்பிடத் தொடங்கினேன்.