பதில்: ‘மின்மூலம்’ பொருந்தவில்லை, ‘ஊட்டு’ என்று வைக்கலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். கேம்பர் வேன் பொருள்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> கேம்பர் வேன் ஃப்ரிட்ஜுக்கான ‘பவர் சோர்ஸ்’ என்பதை ‘மின்மூலம்’ என்றே போட்டுவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

போட்டுப் பார்த்தேன் ஐயா. அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையில் என் மச்சான் வேன் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போன கோடையில் ஒரு பழைய வேனைத் தங்கூர்தியாக, அதாவது கேம்பர் வேனாக, மாற்றினார்கள். (இந்தச் சொல்லை இங்கே முன்வைத்தவருக்கு நன்றி. பட்டறைப் பையன்கள் வாயில் அது நன்றாகவே ஏறிவிட்டது.) அதில் பொருத்தியது வெளிநாட்டிலிருந்து வந்த த்ரீ-வே ஃப்ரிட்ஜ், அதாவது மூன்று வழிகளில் இயங்கக்கூடியது. திருகு குமிழைச் சுற்றி மூன்று படங்கள் இருக்கும்: தீச்சுடர், பேட்டரி, பிளக். தமிழில் லேபிள் எழுதும் வேலை என்னுடையது. ‘மின்மூலம்: கேஸ், பேட்டரி, கரண்ட்’ என்று எழுதி ஒட்டினேன். கேஸ் எப்படி மின்மூலம் ஆகும் என்று அப்போதே உறுத்தியது. சரி, புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

சோதனைக்காக எண்ணூர் கடற்கரைப் பக்கம் ஓர் இரவு தங்கினோம். எஞ்சினை நிறுத்தியதும் லேபிளைப் படித்த பையன் குமிழைப் பேட்டரிக்குத் திருப்பினான். எழுதியிருந்ததைத்தான் அவன் செய்தான். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டும். காசிமேட்டில் வாங்கி உள்ளே வைத்திருந்த வஞ்சிரத் துண்டுகளைத் தொட்டால் குளிர்ச்சியே இல்லை.

காரணம் இதுதான். இந்த வகைப் பெட்டியில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்கி, பிரிந்து வரும் அம்மோனியாவைக் குளிரவைத்து, பிறகு அதை ஆவியாக்கித்தான் உள்ளே குளிர்ச்சி உண்டாக்குகிறார்கள். 1922-இல் ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் கண்ட வழி. ஆகவே இதற்கு வேண்டியது சூடு. கேஸ் சுடரும் சூடுதான், 230 வோல்ட்டும் சூடுதான், 12 வோல்ட்டும் சூடுதான். 12 வோல்ட்டில் அந்தச் சூட்டுக் கம்பி ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 80 ஆம்பியர்-மணி. சாதாரண வேன் பேட்டரி எப்படித் தாங்கும்? எஞ்சின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஈடுகட்டும் என்ற கணக்கில்தான் அந்த 12 வோல்ட் வழியே வைத்திருக்கிறார்கள். பேட்டரிப் படம் போட்டிருந்தாலும் உண்மையில் ஊட்டுவது ஓடுகிற எஞ்சின்.

அதனால்தான் ‘ஊட்டு’ என்கிறேன். பெட்டிக்கு யார், எப்போது ஊட்டுவது என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மின்சாரமும் அடங்கும், கேஸும் அடங்கும். மூவுலகு போல ‘மூவூட்டுக் குளிர்பெட்டி’ என்று புணர்ச்சியும் இடறாமல் வருகிறது. ‘மூவழி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது சாலைச் சந்திப்பாகவே கேட்கிறது.

> பாடநூலில் ‘மின்னூட்டம்’ வேறு பொருளில் இருக்கிறதே?

நல்ல கேள்வி. இயற்பியலில் மின்னூட்டம் என்றால் சார்ஜ். அங்கே ‘மின்’ முன்னால் நிற்கிறது, ‘அம்’ பின்னால் நிற்கிறது. வெறும் ‘ஊட்டு’ இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மின்னூட்டு’ என்று மட்டும் எங்கும் எழுதிவிடக் கூடாது, குழப்பம் வரும்.

மூன்றுக்கும் பெயர்கள்: சுடரூட்டு, பயண ஊட்டு, கரையூட்டு. ‘பயண ஊட்டு’ என்று எழுதியிருந்தால் அந்தப் பையன் இரவில் அதில் வைத்திருக்க மாட்டான். சுடரூட்டில் ‘சுடர்’ என்று தெரிவதும் தேவைதான், உள்ளே நிஜமாகவே தீ எரிகிறது. புகை வெளியே போக வழி வேண்டும், பெட்ரோல் பங்க்குக்குள் நுழையுமுன் அணைத்தாக வேண்டும். மூன்றாவது, நிறுத்திய இடத்தில் வெளியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுக்கும் 230 வோல்ட். துறைமுகத்தில் கட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுப்பதுபோலத்தான் இதுவும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ‘கரை’ என்றால் விளக்கவே வேண்டாம்.

அப்புறம், மச்சான் இப்போது மூவூட்டுப் பெட்டியே வாங்குவதில்லை. வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் அது சரியாகக் குளிராது, மே மாத வெயிலிலும் திணறும். 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிதான் வைக்கிறார். ஓடும்போது 45 வாட், நம் ஊர்ச் சூட்டில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் நாளுக்கு 540 வாட்-மணி, அதாவது 45 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது, அப்படிப் பார்த்தால் ஒரு நாள் தாங்கும். கூரையில் 200 வாட் சோலார் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் செலவானது திரும்பிவிடும். மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது.

இங்கே இன்னொரு ஜோடிச் சொல் தேவைப்படுகிறது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, தங்கும்போது ஃப்ரிட்ஜ், விளக்குக்கென்று தனியாக வைக்கும் பேட்டரி. ‘முதன்மை மின்கலம், துணை மின்கலம்’ என்ற பரிந்துரையைப் பட்டறையில் கேட்டுப் பார்த்தேன். எது எதற்கு என்று இருவரிடம் கேட்டேன், இருவரும் மாற்றிச் சொன்னார்கள். ‘கிளப்பு பேட்டரி, தங்கு பேட்டரி’ என்றதும் ஒயரை எடுத்துச் சரியான முனையிலேயே வைத்தார்கள். ‘பேட்டரி’யைத் தமிழாக்க வேண்டும் என்பவர்கள் ‘கிளப்பு மின்கலம்’ என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு அதில் வழக்கில்லை. முன்பாதிதான் முக்கியம்.

அந்தப் பழைய வேனின் லேபிளை வரும் சனிக்கிழமை மாற்றுகிறோம். ‘கரையூட்டு’ மட்டும் கடலோரம் தாண்டியவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று கோவை, மதுரை நண்பர்கள் வியாழனுக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.