அலையாத்தி இலையில் உப்பு அளப்பது எப்படி? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். முதுகலைத் தாவரவியல் ப்ராஜெக்டுக்காகப் பிச்சாவரத்தில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் இலைகளைக் கவனித்து வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொள்ளிடமும் வெள்ளாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் அதே ஓடைகளில் உப்பு ஏறி, கடல்நீர் அளவை (லிட்டருக்குச் சுமார் 35 கிராம்) நெருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை இலை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் தலைப்பு.

இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டலும் தடுக்கும், ஆனால் தப்பி ஏறியதை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறியதும் இலைமேல் பொடிப்பொடியாக மின்னும், நாக்கில் வைத்தால் கரிக்கும். (பக்கத்தில் நிற்கும் தில்லை மரத்திடம் இந்த விளையாட்டு வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.)

சிக்கல் என்னவென்றால், இலையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அந்த நீரின் மின்கடத்துதிறனைப் பார்க்கிறேன் (கரைந்த உப்பு கூடினால் அதுவும் கூடும்). இரவில் பனி இறங்கினால் உப்பு கரைந்து வழிந்துவிடுகிறது. ஒரே கிளையில்கூட அளவு தாறுமாறாக வருகிறது. முதல்நாள் மாலையே இலையைக் கழுவித் துடைத்துவிட்டு, மறுநாள் சேர்ந்ததை மட்டும் அளந்தால் சரியாக இருக்குமா? எத்தனை மணி நேரம் விட வேண்டும்?

இலைத் தடிமன் இன்னொரு தலைவலி. உப்பு ஏறினால் இலை தடிக்கும், ஆனால் வயதான இலை எப்படியும் தடித்திருக்கும். அப்படியிருக்க, தடிப்பு உப்பாலா வயதாலா என்று எப்படிப் பிரிப்பது? கிளை நுனியிலிருந்து எத்தனையாவது ஜோடியை எடுக்கிறீர்கள்? முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மழைக்கு முன் அளவீட்டைத் தொடங்கியாக வேண்டும்.