மறு: மறு: ‘ஹிஸ்டாரிக்கல் மார்க்கர்’ – சொல் தேவை, வெள்ளிக்குள்

ந. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். வட கரோலினாவில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பாடநூல் அச்சுக்குப் போகிறது. நெடுஞ்சாலை ஓரம் பெரியோர் பெயர் தாங்கி நிற்கும் ஹிஸ்டாரிக்கல் மார்க்கர் பற்றி ஒரு பாடம். ‘மார்க்கர்’ என்றே விட்டால் பிள்ளைகளுக்கு எழுதுகோல்தான் நினைவுக்கு வரும். இப்போதைக்கு ‘நினைவுச் சின்னம்’ என்று போட்டிருக்கிறேன்.

செ.:
லிங்கன் மண்டபமும் நினைவுச் சின்னம்தானே? முதலில் பொருளைப் பார்ப்போம். எழுத்துகளை ஒரு படிவத்தில் அடுக்கி, மணலில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். எழுத்து புடைத்து நிற்கும். அதன் முகத்துக்கு மட்டும் தனி நிறம்: வட கரோலினாவில் வெள்ளி நிறத்தின் மேல் கறுப்பு, பென்சில்வேனியாவில் நீலத்தின் மேல் பொன். பிழை நேர்ந்தால் சுரண்டித் திருத்த வழியில்லை, புதிதாக வார்க்க வேண்டும். அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறரையும் தப்புவித்த ஹாரியட் டப்மனுக்கு மேரிலாந்தின் பக்டவுன் பகுதியில் நட்ட பலகை, அவர் முந்நூறு அடிமைகள் அளவில் மீட்டதாகச் சொல்கிறது. இன்றைய ஆய்வாளர் கணக்கு ஏறத்தாழ 70. ஆகவே வாசகங்களைச் சரிபாராமல் பெயர்க்க வேண்டாம். சொல்லுக்கு, செப்பேடு போல ‘வார்ப்பேடு’.

இரா.:
சொல் இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருக்கிறது ஐயா! அகநானூறு 67: ‘பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்’. பெயர் இருக்கிறது, பீடு என்ற பெருமை இருக்கிறது, அதர் என்றால் வழி, அதுவும் வழிதோறும்! பீலி மயில்தோகை. வேறென்ன வேண்டும்? நடுகல் என்றே எழுதுங்கள்.

செ.:
நடுகல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொல்காப்பியர் சொல்லும் துறைகளையும் வட கரோலினா அரசு செய்யட்டுமா? ஜான் கோல்ட்ரேன் சாக்சபோன் வாசித்தவர், நடுகல் வீரரைப் போல ஆநிரை மீட்கப் போகவில்லை. அவருக்கு யார் பீலி சூட்டுவது? தவிர, அச்சகத்தார் ‘நடுக்கல்’ என்று திருத்திவிடுவார்கள்.

ம.:
வார்ப்பேடும் நிற்காது. பென்சில்வேனியாவில் 1914இல் தொடங்கியபோது பாறையில் பதித்த வெண்கலத் தகடுகள்தாம். டெக்சஸ் 1936இல் சாம்பல் நிறக் கருங்கல் நட்டது. மிசிசிப்பியில் 1955இல் வெள்ளையர் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் கிடைத்த ஆற்றங்கரைப் பலகையைத் திரும்பத் திரும்பச் சுட்டுத் துளைத்ததால் 2019இல் நட்டது, குண்டு துளைக்காத, 500 பவுண்டு அளவிலான எஃகு. பொருளால் பெயரிட்டால் பாதி வெளியே போய்விடும்.

தொழிலைப் பாருங்கள். வட கரோலினாவின் ஹாம்லெட் ஊரில் கோல்ட்ரேன் பலகை ‘பிறந்தது ஒரு தெருக்கட்டம் தென்மேற்கே’ என்கிறது. இம்மாநிலத்தின் முதல் பலகை 1936இல் ஸ்டோவலில் ஜான் பென்னுக்கு நட்டது. அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையெழுத்திட்டவர். அவருடைய எச்சங்களையோ 1894லேயே கில்ஃபோர்ட் போர்க்களத்துக்கு மாற்றிவிட்டார்கள். பலகை நிற்பது பெரும்பாலும் வண்டி போகிற சாலையில், இடம் வேறெங்கோ. இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் பலகையைப் படமெடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவார்கள். ஆகவே ‘வரலாற்றுச் சுட்டுபலகை’.

இரா.:
‘சுட்டுப்பலகை’. வன்றொடர்க் குற்றியலுகரம், வலி மிகும்.

ம.:
சுட்டிய, சுட்டுகிற, சுட்டும் பலகை: வினைத்தொகை. மிகாது. ஊறுகாய்க்கு நடுவில் ‘க்’ போடுவீர்களா? உங்கள் நடுகல்லும் வினைத்தொகைதான்.

கு.:
இரண்டையும் பிள்ளைகள் ‘சுடு’ என்றுதான் வாசிப்பார்கள். டில் பலகை இருக்கும் அதே பாடத்தில் இது வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘நினைவுக்கல்’ என்போம், அதையும் இங்கே திணிக்கவில்லை. ‘வரலாற்றுக் குறிப்புப் பலகை’ என்றால் விளக்கம் கேட்காமலே புரியும்.

இரா.:
பலகை வடசொல், ‘பலக’. தனித்தமிழ்ப் பாடநூலில் அதுவா?

செ.:
நீங்கள் காட்டிய பாட்டின் அடுத்த அடியைப் படியுங்கள்: ‘வேல்ஊன்று பலகை வேற்றுமுனை கடுக்கும்’. சங்கப் புலவருக்குக் கூசாதது நமக்கு ஏன் கூச வேண்டும்?

இரா.:
அங்கே பலகை கேடயம். கேடயமா நடப்போகிறீர்கள்? இருக்கட்டும், ‘வரலாறு’ என்பதிலேயே ஆறு, அதாவது வழி, இருக்கிறது. ‘ஆற்றுக்குறி’ என்றால் இரண்டும் அடங்கும்.

கு.:
ஆற்றில் வெள்ள அளவு காட்டும் குறி என்று நினைப்பார்கள் ஐயா.

ந.:
நாளை காலை அச்சு. கு., செ. இருவரும் ‘வரலாற்றுக் குறிப்புப் பலகை’ பக்கம். நீளம்தான், அட்டவணைத் தலைப்பில் இரண்டு வரி பிடிக்கிறது. அங்கே மட்டும் ‘குறிப்புப் பலகை’ என்று சுருக்குகிறேன். பலகை இருக்குமிடம், அது சொல்லும் இடம் என்று இரண்டு தனிக் கட்டங்கள் சேர்த்துவிட்டேன். ம. எழுப்பிய சிக்கல் அதில் தீரும். டப்மன் எண்ணிக்கை 70 என்று மாற்றியாயிற்று. நடுகல் பயிற்சிப் பகுதியில் ஒப்பீட்டுக் கேள்வியாக வரும்.

ம.:
கட்டம் சரி. ஆனால் குறிப்புப் பலகை அலுவலகச் சுவரிலும் தொங்கும். மறுபதிப்பு எப்போது?

இரா.:
என் மாறுபாட்டைப் பதிந்துகொள்ளுங்கள். ஒப்பீட்டுக் கேள்வியில் ‘க்’ மிகாமல் பார்த்துக்கொள்ளவும்.